யார் வீட்டுக் கணக்கில்?



அமாவாசை இரவில் மேல்மலையனூர் எப்படி இருக்கும் என்பதை நம் மாவட்டத்துத் தோழர்களுக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வந்த வண்ணம் இருக்கும். ஊஞ்சல் உற்சவம் காண வந்த மக்கள் வெள்ளத்தில், எலுமிச்சம்பழம் விற்பவர், குங்குமம் விற்பவர், பொரி விற்பவர், வளையல் விற்பவர் ஆகியோரின் குரல் விடியும்வரை ஓயாது. அம்மனிடத்து நம்பிக்கை உடையோரும் அது இல்லாதோரும் ஒருசேர ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்று உண்டு: அந்த ஓரிரவு விற்பனையைக் கொண்டு ஒரு மாதம் அடுப்பெரிக்கும் குடும்பங்கள் அவ்வூரிலும் சுற்று வட்டாரத்திலும் பல.

2020 மார்ச்சு 24. பங்குனி அமாவாசையை ஒட்டிய நாள். அன்றிரவுதான் நாடு முழுவதும் ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தது. பேருந்து இல்லை, கூட்டம் இல்லை, எலுமிச்சம்பழத்தை வாங்குவார் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்னரே, மார்ச்சு 17 முதல், தமிழகத்துக் கல்லூரிகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன. மார்ச்சு 31 வரைதான் என்றனர். அந்த மார்ச்சு 31 எத்தனை திங்கள் நீண்டது என்பதை நாம் அறிவோம்.

இப்போது ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்துங்கள். பெயர் வேண்டாம், ஏனெனில் அது ஒரு குடும்பமன்று, ஓராயிரம். தாய் அமாவாசைக் கடைக்காரி. தந்தை கரும்பு வெட்டவும் மணிலாக்கொட்டை பறிக்கவும் போகிறவர் (நம் பக்கத்து வாயில் அது மல்லாட்டை). மகள் விடியற்காலைப் பேருந்தில் செஞ்சி சென்று, அங்கிருந்து வேறு பேருந்து பிடித்துத் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படிப்பவள். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதற் பெண். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைப்பேசி. அது தந்தையின் சட்டைப்பையில் இருக்கும். அதைக்கொண்டுதான் மேஸ்திரி அவரை வேலைக்கு அழைப்பார். காலை பத்து மணிக்கு வகுப்பு. காலை ஆறு மணிக்கே கைப்பேசி வயலுக்குப் போய்விடும்.

இந்தப் பெண்ணை மறவாதீர்கள். இனி நாம் பேசப்போவது எல்லாம் இவளை நடுவில் வைத்துத்தான்.

"பெருந்தொற்றுக் காலத்தில் பல்கலைக் கழகங்கள் தம்மைத் தகவமைத்துக் கொண்டன" என்று இன்று மாநாடுகளில் பேசுகின்றனர், ஆண்டறிக்கைகளில் எழுதுகின்றனர். நாம் அதை அடியோடு மறுக்கவில்லை. உலகெங்கும் உயர்கல்வி கற்போர் 22 கோடிப் பேரை அந்நோய் வகுப்பறையிலிருந்து வெளியேற்றியது என்று ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ கணக்கிட்டது. அவ்வளவு பெரிய புயலில் கப்பல் கவிழவில்லை என்றால், மாலுமிகளில் நல்லவர்கள் இருந்திருக்கின்றனர் என்றுதான் பொருள். இரவு முழுதும் விழித்துப் பாடத்தைக் குரற்பதிவாக்கி, எளிய கைப்பேசியிலும் கேட்கும்படி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆசிரியர்கள் நம் ஊர்களிலேயே இருந்தனர். அவர்களை வணங்குகிறோம்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தகவமைத்துக் கொண்டவர் யார்? பல்கலைக் கழகம், தான் இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டடம் அங்கேயே, பதிவாளர் அங்கேயே, தேர்வுக் கட்டணம் அங்கேயே. இடம் மாறியது வகுப்பறை. அது மேல்மலையனூர்க் குடிசைக்கு வந்தது. வந்த வகுப்பறைக்கு மேசையும் விளக்கும் மின்சாரமும் இணையமும் கருவியும் யார் தந்தது? வந்த விருந்தாளிக்கு வீட்டுக்காரன்தானே சோறு போடுவான்! அப்படித்தான் நடந்தது.

கணக்குப் பார்ப்போம். தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2017-18-இல் எடுத்த கணக்கின்படி, இந்திய நாட்டுப்புறத்தில் கணிப்பொறி உள்ள வீடுகள் நூற்றுக்கு 4.4, நகரங்களில் 23.4. இணைய வசதி உள்ள வீடுகள் நாட்டுப்புறத்தில் நூற்றுக்கு 14.9, நகரங்களில் 42. நோய் வருவதற்கு முன்னரே மத்திய அரசின் கையில் இருந்த புள்ளிவிவரம் இது. தெரியாமல் நடந்தது என்று எவரும் சொல்வதற்கில்லை.

இன்னொரு கணக்கையும் இதன் பக்கத்தில் வையுங்கள். 2019-20-இல் தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட, உயர்கல்வியில் சேர்ந்திருந்தோர் நூற்றுக்கு 51.4. இந்தியா முழுமைக்கும் அது 27.1 மட்டுமே. மார்தட்டிக் கொள்ளத்தக்க எண்தான். தட்டிக் கொள்வோம், தவறில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் இருப்பவர் யார்? ஏழை வீட்டுப் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பிள்ளைகள், மேல்மலையனூர்ப் பெண்கள். வேறு மாநிலங்களில் கல்லூரிக்கே வராதிருந்த பிரிவினர், இங்கே வந்திருந்தனர். ஆகவே கல்லூரிக் கதவு மூடியபோது, வேறெங்கும்விட இங்கேதான் அதிகமானோர் வெயிலில் நின்றனர்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது. 2021 சனவரியில், அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, 9,69,047 கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு இரண்டு ஜி.பி. இணையம் பெறும் அட்டை விலையின்றித் தரப்படும் என்று அறிவித்தார். நல்ல திட்டம், வரவேற்கத்தக்கது. ஆனால் நாட்காட்டியைப் புரட்டுங்கள். கல்லூரிகள் மூடியது 2020 மார்ச்சில். அட்டை அறிவிப்பு பத்துத் திங்கள் கழித்து. அறிவிப்பின்படி அட்டைக்குரிய காலம் சனவரி முதல் ஏப்ரல் வரை. பிப்ரவரி 8-இல் எல்லா மாணவர்க்கும் கல்லூரி திறந்தது. மார்ச்சு 23 முதல் மீண்டும் இணைய வகுப்பு. மே மாதத்தில் இரண்டாம் அலை வந்து மீண்டும் முழு ஊரடங்கு. மழை பெய்யும்போது குடை முடிந்துவிட்டது!

அட்டை இருந்தாலும் அலை வேண்டுமே! செஞ்சி மலைப் பாறைகளுக்கு அப்பாலுள்ள சிற்றூர்களில் அந்நாளில் கைப்பேசிக்கு அலை கிடைக்க ஏரிக்கரை மேலேறி நிற்க வேண்டும். ஆணென்றால் நிற்பான், ஆலமரக் கிளையிலும் ஏறி உட்கார்வான். நாமக்கல் மாவட்டத்து மலையோர ஊர்ப் பிள்ளைகள் அப்படி மரத்தின்மீது அமர்ந்து பாடம் கேட்ட படத்தை நாளேடுகளில் பார்த்தோம். சிலர் அதை ஊக்கத்தின் அடையாளம் என்று பாராட்டவும் செய்தனர். பெண் எங்கே போய் நிற்பாள்? மாலை மங்கியபின் ஏரிக்கரையில் கைப்பேசியும் கையுமாக மகள் நிற்பதை எந்தத் தாய் பொறுப்பாள், ஊர்தான் எப்படிப் பேசும்? "படிப்பு நின்றுவிட்டது, வயதும் ஆகிறது" என்ற இரண்டு சொற்றொடருக்குள் எத்தனை பெண்களின் பட்டம் முடிந்தது என்பதை உங்கள் தெருவில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஐசக் நியூட்டனைப் பற்றி ஒரு சொல். 2020-இல் நியூட்டன் கதையைக் கேளாத மாணவன் இல்லை. 1665-இல் கொள்ளைநோய் பரவியபோது கேம்பிரிட்ஜ் மூடப்பட்டது; நியூட்டன் ஊல்சுதார்ப்பில் உள்ள தன் வீட்டுக்குப் போனார்; அங்கே கணிதத்தையும் ஒளியையும் ஈர்ப்பையும் ஆராய்ந்தார்; ஆகவே மாணவர்களே, நீங்களும் ஊரடங்கைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள் என்று உபதேசம்! சொன்னவர் சொல்லாமல் விட்டது ஒன்று: ஊல்சுதார்ப்பு வீடு பண்ணையோடு கூடிய வீடு. நியூட்டன் ஈர்ப்பு விசையை எண்ணிக் கொண்டிருந்தபோது, அவரை எவரும் மல்லாட்டை பறிக்க அழைக்கவில்லை.

ஆசிரியர் பக்கம் வருவோம். அரசுக் கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோரில் பெருந்தொகையினர் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரிலே கௌரவம் இருக்கிறது, ஊதியத்திலே இல்லை. பல்கலைக் கழக மானியக் குழு 2019-இல் இவர்களுக்குத் திங்களுக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று வரையறுத்தது. பெருந்தொற்று ஆண்டுகளில் தமிழக அரசுக் கல்லூரிகளில் இவர்கள் பெற்றது 20,000 ரூபாயைத் தாண்டவில்லை. அந்த ஊதியத்தில் கைப்பேசியும் அதைத் தாங்கும் கொம்பும் இணையச் செலவும் தாமே போட்டுக்கொண்டு, வீட்டுச் சுவரிலே கரும்பலகை மாட்டி வகுப்பெடுத்தார்கள். தனியார் கல்லூரிகள் பலவற்றில் பாதி ஊதியம் என்றனர். பிறகு ஊதியமே இல்லை என்றனர். பொறியியல் படித்தவர், பிறரைப் பொறியாளராக்கியவர், காய்கறி விற்கப் போன செய்தி வந்தது. கல்லூரி நடந்துகொண்டிருந்தது என்று அறிக்கை எழுதுவோர், யார் முதுகின்மேல் நடந்தது என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தேர்வுக் கதை இன்னும் வேடிக்கை. 2020 ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தால் நிலுவைப் பாடமெல்லாம் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது, சுவரொட்டிகள் முளைத்தன, பின்னர் விவகாரம் உயர்நீதி மன்றம் ஏறிற்று. அதே ஆகஸ்டு 28-ஆம் நாள், இறுதியாண்டு மாணவர்க்குத் தேர்வின்றிப் பட்டம் இல்லை என்ற மானியக் குழுவின் நிலையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உடனே செப்டம்பரில் தேர்வு! பல பல்கலைக் கழகங்கள், வினாத்தாளை இணையத்தில் அனுப்பி, வீட்டிலேயே எழுதச் செய்து, விடைத்தாளைப் படம் பிடித்தோ அஞ்சலிலோ அனுப்பச் சொல்லின. அண்ணா பல்கலைக் கழகமோ, மாணவன் முகத்தைக் கணிப்பொறியே கண்காணிக்கும் முறையைக் கொண்டு வந்தது. 2021 பிப்ரவரியில் அம்முறையில் நடந்த தேர்வில் பெருந்தொகையினர் தேறவில்லை, எங்கும் கூக்குரல். மே மாதம் அமைந்த புதிய அரசு மறுதேர்வுக்கு வழி செய்தது. தனியறையும் ஓயாத மின்சாரமும் உள்ளவனை இலக்கணமாகக் கொண்டு செய்த இயந்திரம் அது. ஒற்றை அறையிலே பாட்டி இருமினாலும், தம்பி குறுக்கே நடந்தாலும், இயந்திரம் ஐயுறும். ஏழை வீட்டில் குறுக்கே நடக்காமல் எப்படி வாழ்வது?

2020-இல் முதலாண்டில் சேர்ந்தவர்கள் 2021 பிப்ரவரி 8-ஆம் நாள்தான் தம் கல்லூரி வகுப்பறையைக் கண்டனர். ஆறு வாரத்தில் மீண்டும் மூடல். அடுத்துத் திறந்தது 2021 செப்டம்பர் 1. 2022 சனவரியில் மறுபடியும் மூடிப் பிப்ரவரியில் திறப்பு. நம் வேதியியல் மாணவி, மூன்றாண்டுப் பட்டத்தில் பியூரெட்டைக் கையால் தொட்ட நாட்கள் எத்தனை? சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் நொடியைக் கண் கற்பதற்கு ஒரு பருவம் வேண்டும். காணொளியில் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். மாற்றுவதற்குக் கை பழகாது. பட்டம் வந்தது, கைத்திறன் வரவில்லை. மருந்து நிறுவனத்தில் நேர்முகத்துக்குப் போகும்போது அந்தக் குறை அவள் குறையாக எண்ணப்படுமே தவிர, பல்கலைக் கழகத்தின் குறையாக எண்ணப்படாது.

இனி ஆராய்ச்சி. இதிலே நம் தோழர்களுக்கு நேரடித் தொடர்பு குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. ஆய்வு மாணவர் என்பவர் இன்று கனவான் வீட்டுப் பிள்ளையல்லர். உழவன் மகன், நெசவாளி மகள். ஆய்வு நிற்பது என்றால் அவர் வீட்டுக்கு வரும் உதவித்தொகை நிற்பது என்று பொருள்.

2020 சூனில் சென்னையில் அண்ணா பல்கலைக் கழக விடுதிகள் நோய்த் தனிமை முகாமுக்காக மாநகராட்சிக்குத் தேவைப்பட்டன. தந்தாக வேண்டிய நேரந்தான், குறை சொல்வதற்கில்லை. ஆய்வுக்கூடங்கள் பூட்டப்பட்டன. டிசம்பர் 2-இல் ஆய்வு மாணவர் திரும்பலாம் என்றனர். இரண்டு வாரத்துக்குள் சென்னை ஐ.ஐ.டி.யில் நூற்றுக்கு மேற்பட்டோர்க்கு நோய் கண்டு, மறுபடியும் ஆய்வுக்கூடங்கள் மூடின. வளர்த்த உயிரணுக்கள் அழிந்தன. பருவம் தவறிய கள ஆய்வு தவறியதே. இதற்கு மானியக் குழு என்ன செய்தது? ஆய்வேட்டை ஒப்படைக்கும் காலத்தை நீட்டித்தது, மறுபடியும் நீட்டித்தது, 2022 சூன் 30 வரை நீட்டித்தது. மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கடிதத்திலேயே மற்றொரு வரியும் இருந்தது: உதவித்தொகைக் காலம் ஐந்தாண்டுதான், அதில் மாற்றமில்லை என்று. காலம் உண்டு, காசு இல்லை! ஓடிக்கொண்டிருப்பவனைப் பார்த்து, "இன்னும் நான்கு கல் ஓடலாம், அனுமதி தந்தோம், தண்ணீர் மட்டும் கேளாதே" என்பதுபோல் அல்லவா இருக்கிறது?

எல்லா ஆராய்ச்சியும் பூட்டிய கதவுக்குள் முடங்கவில்லை. நம் பக்கத்திலேயே திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. டி.எம்.வி. என்று தொடங்கும் மணிலா இரகங்களில் அந்த எழுத்துக்கள் குறிப்பது திண்டிவனத்தைத்தான். டி.எம்.வி. 2 என்ற இரகம் 1940-இல் வெளியானது; நம் பாட்டன்மார் விதைத்தது. விதை நோய்க்காகக் காத்திருக்காது. ஆடிப்பட்டம் ஊரடங்கை அறியாது. பட்டத்தில் விதைத்து, பட்டத்தில் குறிப்பெடுக்காவிடில் ஓராண்டு ஆய்வு பாழ். இப்படிப்பட்ட ஆராய்ச்சியைக் கைப்பேசிக்குள் அடக்க முடியாது. மண்ணில் நிற்கும் கூலித் தொழிலாளியும் களப் பணியாளரும் இல்லையேல் அது இல்லை. ஆராய்ச்சி என்றாலே வெள்ளை அங்கியும் கணிப்பொறியும் என்று எண்ணுவோர் இதைச் சற்று எண்ணட்டும்.

தமிழாராய்ச்சிக்கு வேறொரு துணை கிடைத்தது. நூலகங்கள் பூட்டியபோது, தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகம் திறந்தே இருந்தது. அந்தக் கழகத்தின் தொடக்கம் 2001. மதுரைத் திட்டம் என்ற பெயரில் தன்னார்வத்தர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கியது 1998. ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் தளம் தோன்றியது 2005. நோய் வருவதற்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்னர் எவரோ செய்த உழைப்பு, நோய் வந்த நாளில் நிழல் தந்தது. அதனாலேயே யாழ்ப்பாணத்துப் பேராசிரியரும் கோலாலம்பூர் ஆசிரியையும் விழுப்புரத்து மாணவனும் ஒரே கருத்தரங்கில், வழிச்செலவின்றி, அமர முடிந்தது. இது மெய்யான ஆதாயம், மறுக்கக் கூடாது. (அந்தக் கருத்தரங்குகளில் சான்றிதழ் வழங்கியதுதான் ஆதாயமா என்பது வேறு கேள்வி. நாளொன்றுக்கு நான்கு கருத்தரங்கு, நான்கு வண்ணச் சான்றிதழ். பேசியது என்ன என்று கேட்டால் நால்வருக்கும் நினைவில்லை!)

மருத்துவ ஆராய்ச்சியிலோ நம் மாநிலம் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோய்க்கிருமி உருமாறுவதைக் கண்டறியும் மரபணுப் பகுப்பாய்வுக்காக 2020 டிசம்பரில் மத்திய அரசு ஆய்வகக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தது. தொடக்கத்தில் பத்து ஆய்வகங்கள். பெங்களூரில் உண்டு, ஐதராபாத்தில் உண்டு, புனேயில் உண்டு, புவனேசுவரத்தில் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை! இத்தனை பல்கலைக் கழகங்கள், இத்தனை மருத்துவக் கல்லூரிகள் உள்ள நாட்டில், நம் நோயாளியின் மாதிரி வெளிமாநிலம் போய், முடிவு வருவதற்குள் அலை அடித்து ஓய்ந்தது. சென்னையில் பொதுச் சுகாதாரத் துறையின் சொந்த மரபணு ஆய்வகத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தது 2021 செப்டம்பர் 14. இரண்டாம் அலை போன பின்னர். ஆயினும் அதே துறையின் களப் பணியாளர் ஊர் ஊராகச் சென்று குருதி எடுத்துச் செய்த ஆய்வு, 2021 சூன்-சூலைக் காலத்தில் நூற்றுக்கு 66 பேரிடம் நோயெதிர்ப்புப் பொருள் இருப்பதைக் கண்டு சொல்லிற்று. எங்கே மக்களிடம் போகக்கூடிய அமைப்பு முன்னரே இருந்ததோ, அங்கே ஆராய்ச்சி நடந்தது. எங்கே இல்லையோ, அங்கே தகவமைப்பு என்ற சொல் மட்டும் நடந்தது.

இதற்கிடையே, நம் மாவட்டத்து மாணவர்கள் வீட்டில் இருந்த அந்தக் காலத்திலேயே, அவர்களுடைய பல்கலைக் கழகத்தின் பெயர்ப் பலகை இரண்டு முறை ஆட்டம் கண்டது. 2002-இல் தோன்றிய வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக் கழகத்தின் கீழ் இருந்தன நம் கல்லூரிகள். 2021 பிப்ரவரியில் விழுப்புரத்துக்கெனத் தனிப் பல்கலைக் கழகச் சட்டம் வந்தது. ஆகஸ்டு 31-இல் அதனை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தோடு இணைக்கும் சட்டமுன்வரைவு பேரவையில் நிறைவேறிற்று. எது சரி என்பதில் கட்சிகள் மோதின, மோதட்டும். அந்த மோதலில் ஒருவரேனும், மேல்மலையனூர் மாணவியின் கைப்பேசிக்கு அலை எந்தப் பல்கலைக் கழகத்திலிருந்து வரும் என்று கேட்டாரா?

பழைய கதை, இப்போது ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பழைய கதை அன்று. 2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின் பிணங்கள் எரிந்துகொண்டிருந்தபோதே, மானியக் குழு ஒரு கருத்துருவை வெளியிட்டது: எந்தப் பாடத்திலும் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை இணையத்தின் வழி நடத்தலாம் என்று. அதே ஆண்டில் சுவயம் என்ற மத்திய இணையத் தளத்தின் பாடங்களுக்கும் நாற்பது விழுக்காடு வரை இடம் தரும் விதி வந்தது. நெருக்கடிக்குப் போட்ட கீற்றுக் கொட்டகையை, நெருக்கடி தீர்ந்தபின் நிரந்தரக் கட்டடமாக்கும் முயற்சி இது. நல்ல ஆசிரியரின் பதிவை நாடெங்கும் கேட்பது தீதா என்பர். தீதில்லை, 2003-இலேயே ஐ.ஐ.டி.கள் தொடங்கிய பாடப் பதிவுகளால் பயன் பெற்றோர் பலர். ஆனால் நாற்பது விழுக்காடு பாடம் இணையத்துக்குப் போனால், நாற்பது விழுக்காடு ஆசிரியர் பணியிடம் எங்கே போகும்? காலியிடம் காலியாகவே இருக்கும். கௌரவ விரிவுரையாளரின் கௌரவமும் போகும். அந்த நாற்பது விழுக்காட்டுக்குரிய கருவியும் இணையமும் மறுபடியும் வீட்டுக் கணக்கில் ஏறும்.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, தோழர்களே. ஊரடங்கில் அரிசி கொடுத்தோம், கபசுரக் குடிநீர் கொடுத்தோம், முகக்கவசம் கொடுத்தோம். படமும் எடுத்துக் கொண்டோம். நம் ஊர்களில் படிப்பகம் என்ற பெயரில் கட்டடங்கள் இருக்கின்றனவே, அவை என்ன செய்தன? ஒரு காலத்தில் நாளேட்டை ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்ட இடம் அது. ஓர் இணைய இணைப்பு, இரண்டு விளக்கு, நான்கு நாற்காலி, இடைவெளி விட்டு அமர ஓர் ஒழுங்கு, மாலையில் பெண்கள் அஞ்சாமல் வந்துபோக ஒரு மூதாட்டியின் காவல், இவ்வளவுதானே வேண்டியிருந்தது? ஏரிக்கரையில் நின்ற பெண்ணுக்கு நம் படிப்பகத் திண்ணையில் இடம் தந்தோமா? பல ஊர்களில் தரவில்லை. பூட்டு துருப்பிடித்திருந்தது. இதை எழுதும்போது நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2021 அக்டோபர் 27-இல், நம் மாவட்டத்து மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. பள்ளிச் சிறார் இழந்த பாடத்தைத் தெருவிலே அமர்த்தி ஈடு செய்ய, தன்னார்வ இளைஞரும் பெண்களும் முன்வந்தனர். அவர்களிற் பலர், தம் பட்டத்தையே கைப்பேசியில் முடித்தவர்கள். தாம் இழந்ததற்கு ஈடு எவரும் தராத நிலையில், சிறுவர் இழந்ததற்கு ஈடு தந்தவர்கள். கல்லூரி மாணவர் இழந்த செய்முறைப் பயிற்சிக்கு அப்படி ஒரு திட்டத்தை எந்தப் பல்கலைக் கழகமும் எண்ணவில்லை. ஒரு கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்து, "2020-இல் சேர்ந்தவர்களே, வாருங்கள், விட்டுப்போனதைச் செய்து பழகுங்கள்" என்று அழைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? மின்கட்டணம் சிறிது கூடியிருக்கும்.

இப்போது செய்யத்தக்கது ஒன்று சொல்கிறோம். மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டங்களிலுள்ள கிளைத் தோழர்கள் தத்தம் ஊரில் வீடு வீடாகச் சென்று, 2020-க்கும் 2022-க்கும் இடையில் கல்லூரியில் சேர்ந்து இடையில் நின்றவர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், நின்றதற்குச் சொன்ன காரணம் என்ன, எந்தப் பாடம் நிலுவையில் இருக்கிறது, மறுபடி எழுத விருப்பமா என்ற ஐந்து கேள்விக்கு விடை எழுதுங்கள். பெயரைத் தனித்தாளில் வைத்துக் கொள்ளுங்கள், வெளியிட வேண்டாம். படிப்பகம் உள்ள ஊராயின், அதன் பூட்டு திறந்திருக்கிறதா என்பதை ஆறாவது விடையாகச் சேருங்கள். அடுத்த திங்கள் முதல் ஞாயிற்றுக்குள் தாள்கள் மாவட்ட அலுவலகம் வந்து சேரட்டும். துணைவேந்தரையும் உயர்கல்வித் துறையையும் காணச் செல்லும்போது நம் கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்கள்தாம்.